மூன்று டாக்டர்கள் மனப்பாடம் செய்த நெஞ்சு

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பயந்துவிடாதீர்கள்... வழக்கமாகப் போவதுதான். என் நெஞ்சில் ஒரு வால்வு இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சுக் கேட்காத வால்வு. அதனால் எனக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரொம்ப நாள் பழக்கம்.

இந்தத் தடவை ஒரு புது டாக்டர். சின்னப் பையன். என் கார்டைப் பார்த்தார். ஸ்டெத்தாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். அந்த வட்டம் சில்லென்று இருக்கும் பாருங்கள், அது சூடாவதற்குள் எடுத்துவிட்டார்.

"பழைய மாதிரிதான் பாட்டி. நல்லா இருக்கு. போகலாம்" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, நீங்க கேட்டீங்களா... இல்ல, தெரியுமா?"

"என்ன பாட்டி?"

"இப்ப சொன்னீங்களே, நல்லா இருக்குன்னு. அதைக் காதால கேட்டுச் சொல்றீங்களா? இல்ல, முந்தி யாரோ கேட்டுச் சொன்னது உங்களுக்குத் தெரியுமா?"

நர்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அந்தத் தம்பி என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் நீங்கள், 'இந்த அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது என் சொந்தக் கேள்வி இல்லை. டாக்டர்கள் மூன்று பேர் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்ட கேள்வி. அது பிறந்தது என் வீட்டுக் கூடத்தில். அது பிறக்கக் காரணமான அந்த நாள் மட்டும் வேறு மாதிரி முடிந்திருந்தால் இந்தப் பத்தியை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இருந்தாலும் பாதி வாய் கோணி, ஒரு கை விழுந்து இருந்திருப்பேன்.

எழுபதுகளின் கடைசி அது. சிலிம் ரிவர் பக்கம் நாங்கள் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்த தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு ஃபேக்டரியில் ஜாகா வேலை, அதாவது வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நாங்களும் ஈப்போக்காரர்கள் ஆகிவிட்டோம்.

தோட்டத்தில் இருந்தவரை என் நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்தவர் எங்கள் டிரெசர். டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்துபவர். டாக்டர் இல்லை, ஆனால் எங்களுக்கு டாக்டர். மூச்சு வாங்குகிறது என்றால் வெள்ளை மாத்திரை கொடுப்பார். வயிறு வலிக்கிறது என்றாலும் அதே வெள்ளை மாத்திரை. யாரையும் கேட்க மாட்டார். அவரையும் யாரும் கேட்க முடியாது. கேட்டால், "நீ டிரெசரா, நான் டிரெசரா?" என்பார்.

அவரைக் குறை சொல்லவில்லை. தோட்டத்தில் எல்லாமே அப்படித்தான். துரை கிராணிக்குச் சொல்வார், கிராணி தண்டலுக்குச் சொல்வார், தண்டல் எங்களுக்குச் சொல்வார். சொல்வது மேலிருந்து கீழே வரும். கீழிருந்து எதுவும் மேலே போகாது.

ஈப்போவுக்கு வந்த பிறகுதான் நெஞ்சு நோய் பார்க்கும் கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டர் என் நெஞ்சில் காது வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் வெளியே ஓடினார். இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

அந்த மூவரில் ஒரு பெண் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்கக்கா. உங்க நெஞ்சுல சத்தம் ரொம்ப அழகா, தெளிவா கேக்குது. நீங்க ஒரு நல்ல கேஸ்."

நல்ல கேஸ்! அதுவரைக்கும் என் நெஞ்சை யாரும் நல்லது என்று சொன்னதில்லை. மாமியார் உட்பட.

அவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் டாக்டர் ஜமிலா. தைப்பிங்கில் அவருடைய அத்தாவுக்குச் சாப்பாட்டுக் கடை. வாய் மூடாமல் பேசுவார், கேட்கச் சலிக்காது. அடுத்தவர் டாக்டர் ராஜன். ஈப்போவிலேயே பிறந்தவர், அப்பா ஸ்கூல் மாஸ்டர். மூன்று பேரில் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர்தான். மூன்றாவது ஆள் டாக்டர் லிம். முதலில் என் நெஞ்சில் காது வைத்துவிட்டு ஓடினாரே, அவர். சீனர். ஆனால் அவருடைய அப்பா ஒரு தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் லிம் எங்களைவிடச் சுத்தமாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். கடைக்கு வரும் பெண்களை எல்லாம் 'அக்கா' என்று கூப்பிட்டு வளர்ந்தவர். அவர் கூப்பிட்டதைப் பார்த்துத்தான் மற்ற இரண்டு பேரும் என்னை அக்கா என்றார்கள்.

மூவரும் ஏற்கெனவே டாக்டர்கள்தான். ஆனாலும் இன்னொரு பெரிய பரீட்சை எழுதினால்தான் பெரிய டாக்டர் ஆகலாமாம். அதற்கு ஏரோப்ளேன் ஏறி இங்கிலாந்து வரைக்கும் போக வேண்டும். ராஜன் விளக்கினார்.

"ரெண்டு வெள்ளைக்காரங்க நிப்பாங்கக்கா. கட்டில்ல ஒரு நோயாளி. என்ன செய்யுதுன்னு வாயால கேக்கக் கூடாது. தொட்டுப் பார்த்து, காதால கேட்டு, சில நிமிஷத்துல நோவு என்னன்னு சொல்லணும்."

"வாயில்லாத மாட்டைப் பார்க்கிற மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

அதற்குப் பயிற்சி செய்ய ஒரு நோயாளி வேண்டும். நல்ல கேஸாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார்கள்.

வீட்டுக்காரர் யோசித்தார். நான் யோசிக்கவில்லை. "மீன் குழம்பு வைக்கிறேன், வாங்க" என்று சொல்லிவிட்டேன். ஜமிலாவும் சாப்பிட வேண்டுமே, அதனால் எப்போதும் மீன்தான்.

இப்படித்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ராஜனின் டட்சன் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. மூன்று டாக்டர்கள், மூன்று ஸ்டெத்தாஸ்கோப். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்?

பக்கத்து வீட்டு மாரியாயி ஒரு நாள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எவ்வளவு நாளுன்னு சொல்லியிருக்காங்க?" என்றாள்.

"எதுக்கு?"

"மறைக்காதே. ஒரு டாக்டர் வந்தா காய்ச்சல். மூணு டாக்டர் வாராங்கன்னா... எனக்குத் தெரியாதா?"

அதற்குள் எங்கள் வீட்டு வரிசை முழுக்க எனக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஒருத்தர்கூட என்னிடம் வந்து கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்!

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது? கட்டிலில் தலையணை அடுக்கி என்னைப் பாதி சாய்த்து உட்கார வைப்பார்கள். ஜமிலா ஒரு சாரோங்கைப் போர்த்திவிடுவார். ஒருவர் பரீட்சை எழுதுபவர். ஒருவர் வெள்ளைக்காரர். ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர். வேடிக்கை என்றா சொன்னேன்? அவர்தான் பொல்லாதவர். முடிந்ததும் என்னென்ன தப்பு என்று ஒன்றுவிடாமல் சொல்வது அவர் வேலை. அப்புறம் ஆள் மாறிக்கொள்வார்கள்.

தண்டல்கூட எங்களை அப்படித் திட்டியதில்லை.

"கழுத்து நரம்பைப் பார்க்காம நேரா நெஞ்சுக்குப் போயிட்டே. பேருக்குப் பார்க்கிறியா?"

"நீ மட்டும்? அக்கா முகத்தைப் பார்த்தியா? கன்னத்துல நிறம் மாறியிருக்கு, அதைச் சொன்னியா?"

"ரொம்பப் பேசுற, ஜமிலா. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு, கதை சொல்லாதே."

"வெள்ளைக்காரனுக்குக் கதை புடிக்கும்லா!"

திட்டி முடித்துவிட்டு ஒரே தட்டில் நெத்திலி சம்பலுக்குச் சண்டை போடுவார்கள்.

எனக்கு இது பெரிய அதிசயம். ஒரு நாள் கேட்டே விட்டேன். "உங்க மூணு பேர்ல யாரு வாத்தியார்?"

"யாரும் இல்லக்கா" என்றார் ராஜன். "ஆஸ்பத்திரியில பெரிய டாக்டருக்கு எங்களுக்குச் சொல்லிக் குடுக்க நேரம் ஏது? நாங்களேதான் ஒருத்தருக்கொருத்தர்."

"தெரியாதவங்க தெரியாதவங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்பீங்க?"

ஜமிலாதான் சொன்னார். "ராஜனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்க்கா. எனக்குத் தெரியாதது ராஜனுக்கு. எங்க ரெண்டு பேருக்கும் தெரியாதது லிம்முக்கு."

"மூணு பேருக்கும் தெரியாதது?"

லிம் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "அக்கா நெஞ்சுக்குத் தெரியும்" என்றார்.

நான் சிரித்தேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

லிம்மைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் அந்தப் பரீட்சைக்கு ஏற்கெனவே போய் ஃபெயிலாகி வந்தவர். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்கு லீவு கிடைத்திருந்தது. அதுவும் போனால் விட்டுவிட வேண்டியதுதான் என்று அவர் அப்பா சொல்லிவிட்டாராம். ஏன் ஃபெயில்? அறிவு இல்லாமலா? இல்லை. லிம் எதையும் ஆற அமரத்தான் செய்வார். அது ஒன்று. இன்னொன்று, எதிரில் இருப்பவர் புருவத்தைத் தூக்கினால் போதும், தான் சொன்னதைத் தானே மாற்றிக்கொள்வார்.

"வெள்ளைக்காரன் கொஞ்சம் முகம் சுளிச்சான்க்கா. நான் சொன்னது சரிதான். ஆனா மாத்திட்டேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அதனால் ராஜன் வேண்டுமென்றே லிம்மிடம் புருவத்தைத் தூக்குவார். பழக்கப்படுத்துகிறாராம்.

எனக்கும் ஒரு சட்டம் உண்டு. நான் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே வலிக்கிறது, என்ன செய்கிறது... ஒன்றும் சொல்லக் கூடாது. அவர்கள் தப்பாகச் சொன்னால் முகத்தில்கூடக் காட்டக் கூடாது. முதல் வாரம் நான் சிரித்துவிட்டேன், ராஜன் கோபித்துக்கொண்டார். அதற்குப் பிறகு என் முகத்திலிருந்து ஒருவரும் ஒன்றும் எடுக்க முடியாது. "அக்கா முகம் கல்லு" என்று ஜமிலா சொல்வார். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ நோயாளிகள் இருக்கிறார்கள். வாயை மூடத் தெரிந்த நோயாளி என்னைப்போல யார்?

நாளாக நாளாக எனக்கே பாடம் ஆகிவிட்டது. பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். அப்போது எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் ஒரே பாட்டை எத்தனை தடவை கேட்பது? கையைப் பிடித்ததும் முதல் வரி "பல்ஸ் ரெகுலர்". அதாவது நாடி ஒழுங்காகத் துடிக்கிறது. அப்புறம் நெஞ்சில் கை. அப்புறம் காது. அப்புறம் "மர்மர்". அதுதான் என் நெஞ்சின் அழகான சத்தம். வரிசை மாறாது. வர வர வேகம் மட்டும் கூடியது.

ஒரு வாரம் நடுவில் என் நெஞ்சு வேறு மாதிரி ஆனது.

வியாழக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கூடைக்குள் கோழியைப் பிடித்துப் போட்டால் எப்படி அடித்துக்கொள்ளும்? அப்படி. நிற்கிறது, அடிக்கிறது, இரண்டாக அடிக்கிறது, மறுபடி நிற்கிறது. மூச்சும் முன்னைப்போல இல்லை.

'உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாமா' என்று கேட்கிறீர்கள். நானும் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று டாக்டர்கள் என் வீடு தேடி வருகிறார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை நான் பஸ் ஏறிப் போய் வரிசையில் எதற்கு நிற்க வேண்டும்? சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆசை. இத்தனை வாரமாக ஒரே பாடம். இந்த வாரம் பாடம் மாறியிருக்கிறது. யார் முதலில் கண்டுபிடிப்பார்கள், பார்க்கலாமே! நான் ராஜன் பக்கம் பந்தயம் கட்டியிருந்தேன், மனதுக்குள்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வால்வு உள்ள நெஞ்சு தாளம் தப்பினால் உள்ளே ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்தது ஒரு துளி கிளம்பி மூளைக்குப் போய்விட்டால் கை கால் போகும், பேச்சுப் போகும், ஆளும் போகலாம். தோட்டத்தில் எனக்கு அடுத்த நிரை மரங்களை வெட்டிய சரசுவுக்கு என்னைப்போலவே சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல், என்னைப்போலவே மூச்சு வாங்கும். ஒரு நாள் காலையில் பால் வாளியோடு மரத்தடியில் சாய்ந்தாள். ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. காத்துக் கருப்பு என்றோம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டட்சனும் வந்தது.

முதலில் ஜமிலா பரீட்சைக்கு நின்றார். ராஜன் வெள்ளைக்காரர். ஜமிலா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடிக்கும்போதே வாய் ஓட ஆரம்பித்துவிட்டது. "பல்ஸ் ரெகுலர்..." மடமடவென்று கடைசி வரி வரைக்கும் போய் நின்றது. ஒரு தடங்கல் இல்லை. ராஜன் கை தட்டினார்.

என் முகம்? கல்.

ஆனால் கல்லுக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோழி அடித்துக்கொண்டேதான் இருந்தது. ஜமிலாவின் விரலுக்குக் கீழேயே அடித்தது.

அடுத்து ராஜன் நின்றார். ஜமிலா வெள்ளைக்காரி. ராஜன் கண்ணைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், எதையும் விடவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்தார். "பல்ஸ் ரெகுலர்." அவர் காது நெஞ்சுக்கு வந்தபோது நான் நினைத்தேன், இப்போது பிடித்துவிடுவார் என்று. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அப்புறம் அதே பாட்டு. அழகான பாட்டு.

நான் மனதுக்குள் கட்டிய பந்தயம் போயிற்று.

கடைசியாக லிம். ராஜன் மறுபடியும் வெள்ளைக்காரர்.

லிம் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"டைம் போகுது, மச்சான்" என்றார் ராஜன்.

லிம் விடவில்லை. ஸ்டூலிலிருந்து ஜமிலா, "கையைப் புடிச்சது போதும், மாமா வெளியிலதான் இருக்கார்!" என்றார். வாசல் திண்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரைச் சொன்னார்.

லிம் நிமிர்ந்தார். இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அதில் ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது. "இர்ரெகுலர்."

ராஜனின் புருவம் மேலே போனது. இந்தத் தடவை பயிற்சிக்கு இல்லை. நிஜமாகவே போனது.

"அலாமாக், லிம்! இத்தனை வாரமா கேக்கிற நெஞ்சு இது. இப்பத்தானே நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம்? தெரிஞ்ச கேஸையே குழப்பிக்கிறியே... இதனாலதான் அங்க போய் ஃபெயிலாகிறே."

ஜமிலாவும் சொன்னார், கொஞ்சம் மெதுவாக. "ரெண்டு பேர் ரெகுலர்னு சொல்றோம்லா, லிம்."

லிம்மின் காது இரண்டும் சிவந்துவிட்டன. என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். "சரி" என்றார். "ரெகுலர்."

மாற்றிவிட்டார்! அங்கே மாற்றியதைப்போல இங்கேயும் மாற்றிவிட்டார்.

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் சட்டம் இருக்கிறதே. கல்லு முகம் என்ற பெயர் இருக்கிறதே. வாயைத் திறக்கலாமா? திறந்தால் இத்தனை நாள் காத்த பெருமை என்ன ஆவது? நீங்கள் சிரிப்பீர்கள். அந்த நிமிஷம் எனக்கு அது சின்ன விஷயமாக இல்லை.

லிம் ஸ்டெத்தாஸ்கோப்பைச் சுருட்டினார். பாதி சுருட்டியவர் நின்றார். திரும்பி வந்தார். கட்டில் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவருடைய அப்பா கடையில் பேசுகிற அதே தமிழில் கேட்டார்.

"அக்கா... நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

"ஏய்! நோயாளியைக் கேக்கக் கூடாது!" ராஜன் கத்தினார். "முடிஞ்சுது. இந்நேரம் அங்கே உன்னை வெளியே அனுப்பியிருப்பான்."

"அனுப்பட்டும்" என்றார் லிம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொல்லுங்கக்கா."

நான் ராஜனைப் பார்த்தேன். அன்றைக்குப் பரீட்சை வைக்கிறவர் அவர்தானே. முறை என்று ஒன்று இருக்கிறது இல்லையா?

"சொல்லலாமா, டாக்டர்?"

அந்தக் கேள்வியில் ராஜனுக்கு என்னவோ ஆகிவிட்டது. சரி என்று தலையை ஆட்டினார்.

"வியாழக்கிழமையிலருந்து" என்றேன்.



அப்புறம் எல்லாமே வேகம். ஜமிலா ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். இந்தத் தடவை வாய் ஓடவில்லை. ராஜன் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு நெஞ்சில் காது வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு. இத்தனை வாரத்தில் அவர் கண்ணை மூடியதை நான் பார்த்ததே இல்லை. எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர் போய், மூன்று டாக்டர்கள் என் கூடத்தில் நின்றார்கள்.

"கார் எடு" என்றார் லிம். ராஜன் ஓடினார்.

மீன் குழம்பு அடுப்பிலேயே இருந்தது. என்னைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றும்போது மாரியாயி வாசலில் நின்றாள். "நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றாள், எல்லோரையும் பார்த்து. ஆளுக்கு ஒரு சந்தோஷம்!

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். நெஞ்சைத் தாளத்துக்குக் கொண்டுவர ஒரு மருந்து, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து. அங்கேதான் அந்த உறைகிற சங்கதியை எனக்குச் சொன்னார்கள். சரசுவின் வாளி என் கண் முன்னே வந்தது. பிறகு கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள், அங்கே விலாப் பக்கம் கீறி வால்வைத் திறந்துவிட்டார்கள்.

கோலாலம்பூருக்குப் போவதற்கு முன்னால் ராஜன் வார்டுக்கு வந்தார். தனியாக வந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாங்க உங்களை மனப்பாடம் பண்ணிட்டோம்க்கா."

"பாடம்னா மனப்பாடம் பண்ணத்தானே வேணும்?"

"என் விரல்ல தாளம் தப்பித்தான் அடிச்சிருக்கும். ஆனா எனக்குப் பதில் முந்தியே தெரியும். ஜமிலா சொன்னா, நான் சரின்னேன். நான் சொன்னேன், அவ சரின்னா. மாத்தி மாத்திச் சரி சொல்லியே காது அடைச்சுப்போச்சு."

"லிம்முக்கும் அதே பாடம்தானே சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"அவனுக்கு மனப்பாடம் வராதுக்கா. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரிதான் பார்ப்பான். அதைத்தான் நாங்க மக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தோம்."

எனக்கு அன்றைக்குத்தான் என் பழைய கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. தெரியாதவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். நன்றாகவே முடியும், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாட்டிக்கொள்வது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிற இடத்தில். தோட்டத்தில் ஒரு டிரெசர் தப்புச் செய்தால் அது ஒருவருடைய தப்பு. கூட்டாளிகள் மூன்று பேர் சேர்ந்து தலையாட்டினால் அது தப்பு மாதிரியே தெரியாது. என் வரிசையில் எனக்கு நாள் குறித்தார்களே, அதையும் நினைத்துப் பாருங்கள். அவர்களும் மாற்றி மாற்றிச் 'சரி' சொன்னவர்கள்தான்.

அந்த மூவர் கூட்டம் கலையவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. சட்டத்தை மட்டும் மாற்றினார்கள். ஸ்டூலில் உட்காருகிறவருக்கு ஒரு புது வேலை. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "இது நீ கேட்டதா, உனக்குத் தெரிந்ததா?" என்று கேட்க வேண்டும். இன்னொன்று, ஒரே நோயாளியிடம் திரும்பத் திரும்பப் போகக் கூடாது.

லிம் அந்த மூன்றாவது தடவை பாஸ் பண்ணிவிட்டார். வெள்ளைக்காரர் புருவத்தைத் தூக்கினாராம். "நான் கேட்டதைத்தான் சொல்றேன்" என்றாராம் இவர். ஜமிலாவும் பாஸ். ராஜன்தான் அந்த வருஷம் ஃபெயில்! அவரை உட்கார வைத்து அடுத்த வருஷத்துக்குத் தயார் செய்தவர் லிம். புருவத்தைத் தூக்கித் தூக்கி!

எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு லிம் என் நெஞ்சில் காது வைத்தார். ரொம்ப நேரம் கேட்டார். "சத்தமே இல்லக்கா. சும்மா லேசா இருக்கு" என்றார், சந்தோஷமாக. எனக்குச் சந்தோஷமா என்றால்... உயிர் மேல் ஆசை இருக்கத்தான் செய்தது. ஆனால் நான் இனி நல்ல கேஸ் இல்லை. ராஜனின் டட்சன் அதற்குப் பிறகு நின்றது மாரியாயி வாசலில். அவள் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது, நல்ல கட்டியாம். 'மூன்று டாக்டர்கள் என் கழுத்தைப் பார்க்க வருகிறார்கள்' என்று அவள் பண்ணிய அமர்க்களம் இருக்கிறதே!

நான் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவைத்தேன். "வாயைத் திறக்காதேம்பாங்க. திறக்காதே. ஆனா நோவு மாறிச்சுன்னா சட்டம் கிட்டம் பார்க்காதே."

"எனக்குத் தெரியாதா?" என்றாள்.

சரி, போன வாரத்துக்கு வருவோம். அந்தச் சின்ன டாக்டர்.

நான் கேட்டதும் அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. என் கார்டை மூடித் தள்ளிவைத்தார். "தெரியும்... கேக்கல" என்றார். நல்ல பையன்.

ஸ்டெத்தாஸ்கோப்பை மறுபடி வைத்தார். வட்டம் சூடானது. அப்புறமும் எடுக்கவில்லை. என்னை இடது பக்கம் ஒருக்களிக்கச் சொன்னார். மூச்சை விட்டு நிறுத்தச் சொன்னார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. அந்த முகம் எனக்குத் தெரியும். கிளினிக்கில் லிம்மிடம் முதல் நாள் பார்த்த அதே முகம்.

எழுந்து கதவைத் திறந்து அடுத்த ரூமில் இருந்த கூட்டாளியைக் கூப்பிட்டார். அதுவும் ஒரு சின்னப் பெண் டாக்டர். "வந்து கேளு. நான் என்ன கேட்டேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அந்தப் பெண் கேட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஓடிப்போய் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

வால்வு மறுபடியும் ஒட்ட ஆரம்பித்திருக்கிறதாம். இப்போதுதான் தொடக்கம், கண்ணில் பட்டது நல்லதாகப் போயிற்று, பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பெரிய டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார்கள். பயமா? கொஞ்சம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

கிளம்பும்போது மூன்று பேரும் கதவருகே குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். யார் கேட்பது என்று தள்ளிவிட்டுக்கொண்டார்கள். கடைசியில் அந்தப் பெண்தான் வந்தது.

"பாட்டி... உங்க நெஞ்சுச் சத்தம் ரொம்பத் தெளிவா இருக்கு. எங்களுக்கு ஒரு பரீட்சை வருது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாமா?"

"வாங்க, மீன் குழம்பு வைக்கிறேன்" என்றேன். "ஆனா ஒண்ணு. இந்தத் தடவை நானும் பேசுவேன்."